கலைச்சொல் விவாதம்: டாக்பைலிங் – 'கும்பல் தாக்குதல்' சரியா?

அனுப்பியவர்: கு.

வணக்கம்.

கேம் உலகில் நடக்கும் இணையத் தொல்லையைத் தொலைக்காட்சித் தொடர்கள் எப்படிக் காட்டுகின்றன, பார்ப்பவர்கள் அதை ஏன் நம்ப மறுக்கிறார்கள் என்பது பற்றிய கட்டுரைத் தொகுப்புக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. பெரும்பாலான சொற்கள் முடிந்துவிட்டன. 'டாக்பைலிங்' (இணையத்தில் ஒருவர்மீது பலர் ஒரே சமயத்தில் பாய்வது) மட்டும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பட்டியலில் இப்போது 'கும்பல் தாக்குதல்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி 2015 பிப்ரவரி 11 அன்று ஒளிபரப்பிய 'லா அண்ட் ஆர்டர்: எஸ்வியூ' என்ற காவல்துறைத் தொடரின் அத்தியாயம். கேம் துறைப் பெண்களைக் குறிவைத்து 2014 ஆகஸ்டில் வெடித்த கேமர்கேட் என்ற இணையத் தொல்லை விவகாரத்தை ஒட்டி எழுதப்பட்ட கதை. கேம் உருவாக்கும் ஒரு பெண்ணைச் சிறு கூட்டம் ஒன்று கடத்துகிறது, வதைக்கிறது, அதை இணையத்தில் காட்டுகிறது. காவலர்கள் மீட்கிறார்கள். கடைசியில் அவர் துறையை விட்டே விலகுகிறார். இரண்டு பக்கத்திலிருந்தும் கேலியும் கோபமும் வந்தன. கேம் ஆடுபவர்களையெல்லாம் கடத்தல்காரர்களாகக் காட்டுகிறார்கள் என்றது ஒரு தரப்பு. தொல்லைக்கு ஆளானவர்கள் பக்கம் நின்றவர்களோ, நடந்தது இப்படி இல்லை, அதிலும் அந்தப் பெண் விலகுவதாக முடித்தது தொல்லை கொடுத்தவர்கள் கேட்ட முடிவையே கொடுத்தது போல என்றார்கள். கேம் வழக்குச் சொற்களை வலிந்து திணித்த வசனங்களை மட்டும் இரு தரப்பும் சேர்ந்தே கிண்டல் செய்தன.

'கும்பல் தாக்குதல்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் தடியோடு வரும் ஆட்கள்தான் நிற்பார்கள். யாரும் நம்பாத அந்தத் தொலைக்காட்சிப் படத்தை நாமே சொல்லுக்குள் வைத்துத் தைக்கிறோம். ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போகிற ஆயிரம் பேரைக் காட்டும் சொல் வேண்டும்.

— கு.

---

அனுப்பியவர்: தி.

கு. சொல்வதை ஏற்கிறேன். சொல் தேடும் முன் பொருளை வரையறுத்துவிடலாம்.

நடைமுறை பெரும்பாலும் இதுதான். ஒருவருடைய பதிவைத் திரைப்பிடிப்பாக எடுத்து, ஏற்கெனவே அவர்மீது எரிச்சலில் இருக்கும் ஒரு மன்றத்தில் போடுகிறார்கள். 'போய்த் தாக்குங்கள்' என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் மன்ற விதிப்படி இழை பூட்டப்படும். 'இதைப் பாருங்கள்' என்றால் போதும். முதலில் சில பதில்கள் வருகின்றன. பதில் கூடக்கூடத் தளத்தின் பரிந்துரை நிரல் அந்தப் பதிவைச் சம்பந்தமே இல்லாதவர்களுக்கும் காட்டத் தொடங்குகிறது. அடுத்து யாராவது அதைப் பற்றிக் காணொளி போடுகிறார்கள். பிறகு பழைய பதிவுகளைத் தோண்டுவது, முகவரியை வெளியிடுவது, வேலை கொடுத்தவருக்கு மின்னஞ்சல் அனுப்புவது என்று வாய்க்கால்கள் பெருகும். 2012-இல் ஊடக விமர்சகர் அனிட்டா சர்கீசியன் கேம்களில் பெண் பாத்திரங்கள் பற்றிய காணொளித் தொடருக்கு நிதி திரட்டியபோது அவருடைய யூடியூப் பின்னூட்டங்கள், அவரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கம், நிதி திரட்டிய பக்கம் மூன்றிலும் ஒரே காலத்தில் கைவரிசை காட்டினார்கள். ஒவ்வொரு தளத்தின் நிர்வாகிக்கும் தெரிந்தது தன் பங்கு மட்டுந்தான்.

எண்ணிக்கைதான் இதில் ஆயுதம். ஒரு கணக்கைத் தடுக்கப் பத்து நொடி என்று வைத்தால் 3,000 கணக்குகளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் புதியவை வந்திருக்கும். 2014-இல் கேமர்கேட் காலத்தில் தானியங்கித் தடைப்பட்டியல்கள் வந்தது இதனால்தான். குறிப்பிட்ட சில முன்னணிக் கணக்குகளில் ஒன்றுக்கு மேல் பின்தொடர்பவரைத் தடுப்பது என்பது அப்படி ஒரு பட்டியலின் விதி. வேலை நடந்தது. வேடிக்கை பார்க்கப் பின்தொடர்ந்தவர்களும் செய்தியாளர்களும் சேர்ந்தே மாட்டிக்கொண்டார்கள்.

சட்டம் தடுமாறுவதும் இந்த எண்ணிக்கையில்தான். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் 18-ஆம் தலைப்பு, பிரிவு 2261ஏ இணையவழிப் பின்தொடர்தலைக் குற்றமாக்குகிறது. ஆனால் அது கேட்பது 'தொடர் நடத்தை'. அதாவது ஒரே நோக்கத்தின் தொடர்ச்சியைக் காட்டும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட செயல்கள். ஒருவர் ஆயிரம் செய்தி அனுப்பினால் வழக்கு உண்டு. ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்று அனுப்பினால், அவர்கள் கூடித் திட்டமிட்டதை மெய்ப்பிக்க முடியாதவரை, எவர்மீதும் அந்தப் பிரிவு ஒட்டாது. ஒற்றை மிரட்டலுக்குப் பிரிவு 875(சி) இருக்கிறது என்றாலும் மிரட்டல் இல்லாத வெறும் வசைக்கு அது பொருந்தாது.

விளம்பரம் போக 42 நிமிடத்தில் ஒருவரைக் கைது செய்தாக வேண்டிய தொடருக்கு இது ஒத்தே வராது. அதனால் ஆயிரம் பேரை மூன்று பேராகச் சுருக்கி, அந்த மூவரின் குற்றத்தை ஆயிரம் மடங்காக்கிவிடுகிறார்கள். நம்பகம் போவது அங்கேதான்.

— தி.

---

அனுப்பியவர்: ம.

தி. கொடுத்த விளக்கத்திலிருந்து சொல்லுக்கு மூன்று தேவைகள் தெரிகின்றன: பலர் இருக்க வேண்டும், குறி ஒருவராக இருக்க வேண்டும், ஒவ்வொருவர் செயலும் தனியே பார்த்தால் சிறியதாக இருக்க வேண்டும்.

என் பரிசீலனை:

'குவிதாக்கு' – குறி ஒன்று என்பது கிடைக்கிறது. ஆனால் யாரோ ஒரு வில்லையைப் பிடித்துக் குவித்தது போன்ற திட்டம் தொனிக்கிறது. ஆணை பிறப்பித்து நடக்கும் 'பிரிகேடிங்'குக்கு வேண்டுமானால் இதை ஒதுக்கி வைக்கலாம்.

'இணைய வன்கொடுமை' – கூடாது. வன்கொடுமைக்கு வேறு சட்டப் பொருள் இருக்கிறது.

'சூழ்தாக்கு' – சூழ்வது முற்றுகை. முற்றுகையிட்டவர் அங்கேயே நிற்பார். இவர்கள் எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

'மொய்ப்பு' – என் தேர்வு. மொய்ப்பவை பல, சிறியவை, தாமாக வருபவை, ஒன்றை விரட்டினால் இன்னொன்று உட்காரும். மொய் என்பதற்குக் கூட்டம், நெருக்கம் மட்டுமல்லாமல் போர் என்றும் அகராதியில் பொருள் இருக்கிறது. இரண்டும் நமக்கு வேண்டியவை.

— ம.

---

அனுப்பியவர்: செ.

மொய்ப்பு என்றதும் கல்யாண மண்டப வாசலில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். திருப்பிச் செய்ய வேண்டிய கடனும் உண்டு என்பதால் ஒருவேளை பொருத்தம்தானோ!

— செ.

---

அனுப்பியவர்: ந.

செ.யின் நகைச்சுவை இருக்கட்டும். மண்டபத்தில் எழுதுவது 'மொய்'. 'மொய்ப்பு' என்று அதை யாரும் சொல்வதில்லை. என் தடை வேறு. விருது வாங்கிய ஆட்டக்காரரைச் சுற்றி ரசிகர்கள் கூடுவதும் மொய்ப்புதான். தீங்கு எங்கே இருக்கிறது?

இன்னொன்று, முப்பது கணக்குகளும் ஒரே ஆளுடையவை என்றால்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 'பலர்' என்று வரையறையில் எழுதினால் நம்மால் சரிபார்க்க முடியாததை எழுதியவர்கள் ஆவோம். நம்பாதவர்கள் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். 'நாலு பேர் போலிக் கணக்கில் கத்துவதை ஊரே திரண்டதாகச் சொல்கிறார்கள்' என்பார்கள்.

தொலைக்காட்சி முழுப் பொய் சொல்கிறது என்ற தொனியும் வேண்டாம். 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சர்கீசியன் பேச இருந்தபோது துப்பாக்கிச்சூடு நடத்துவதாக மின்னஞ்சல் வந்தது. உரிமம் உள்ளவர்கள் வளாகத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்றதும் அவர் உரையை ரத்து செய்தார். அது மொய்ப்பு இல்லை, நேரான மிரட்டல். பட்டியலில் இரண்டும் தனித்தனிப் பதிவாக இருக்க வேண்டும்.

— ந.

---

அனுப்பியவர்: தி.

'பலர்' என்பதற்குப் பதில் 'பல கணக்குகள்' என்று எழுதிவிடலாம். ஒரே ஆள் பல கணக்கு வைத்திருப்பதற்குப் 'பினாமிக் கணக்கு' என்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. அதற்குக் குறுக்குச்சுட்டு போதும்.

தீங்கு எங்கே என்ற கேள்வி முக்கியமானது. வரும் செய்திகளில் கணிசமானவை வசையே இல்லாதவை. 'நீங்கள் சொன்னதற்கு ஆதாரம் தர முடியுமா?' என்று பணிவாகக் கேட்பவையும் உண்டு. ஒருவர் கேட்டால் கேள்வி. ஒரே இரவில் எண்ணூறு பேர் கேட்டால் அதற்கு வேறு பெயர். ஆகவே தாக்குதல் என்ற தன்மை மொத்தத்துக்குத்தான், கூறுகளுக்கு இல்லை. சொல்லில் 'தாக்கு' இருக்கட்டும். அது மொய்ப்பவர் ஒவ்வொருவரையும் அல்லாமல் மொய்ப்பதன் விளைவைக் குறிக்க வேண்டும். மொய்த்தாக்கு?

— தி.

---

அனுப்பியவர்: வ.

சொல்லாக்கத்துக்கு ஒரு சோதனை: உறவுச் சொற்களுக்கும் இது கை கொடுக்கிறதா?

'ரிவ்யூ பாம்பிங்' எடுத்துக்கொள்வோம். ஒரு கேமின் மதிப்பெண்ணைக் கீழே இறக்கக் கேமுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் கூட்டமாக எதிர்மறை மதிப்புரை எழுதுவது. 'விமர்சனக் குண்டுவீச்சு' என்று சிலர் எழுதுகிறார்கள். குண்டு ஒருவர் போடுவது. 'மதிப்புரை மொய்ப்பு' என்றால் நடப்பது புரிகிறது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2017 செப்டம்பரில் மதிப்புரைகளைக் காலவாரியாகப் பட்டை வரைபடத்தில் காட்டத் தொடங்கியது. திடீரென்று ஒரு வாரத்தில் மட்டும் சிவப்புப் பட்டை எகிறியிருந்தால் வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். அது போதவில்லை. 2019 மார்ச்சில், கேமுக்குத் தொடர்பில்லாத மதிப்புரை அலை என்று ஆட்கள் பார்த்து உறுதிசெய்த காலப்பகுதியை மதிப்பெண் கணக்கிலிருந்தே விலக்கினார்கள். கவனிக்க வேண்டியது, தனி மதிப்புரை எதையும் அழிக்கவில்லை. தி. சொன்ன 'கூறு வேறு, மொத்தம் வேறு' என்பதை ஒரு தளம் விதியாகவே எழுதிய இடம் இது. பதிவில் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

— வ.

---

அனுப்பியவர்: கு.

இதே கையோடு 'ஸ்வாட்டிங்'. 'பொய் அழைப்பு' என்று பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்கு வரும் வெடிகுண்டுப் புரளியும் பொய் அழைப்புதானே? அடுத்தவர் வீட்டுக்கு ஆயுதப் படையை வரவைப்பது என்ற கூறு விடுபடுகிறது. அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை 2008-லேயே இந்தப் பெயரைப் பயன்படுத்தி எச்சரித்திருக்கிறது.

என் முன்மொழிவு 'படையேவல்'. ஏவல் என்ற சொல்லில் தான் மறைந்திருந்து இன்னொன்றைக் கொண்டு தீங்கு செய்வது என்ற பொருள் ஏற்கெனவே ஊறியிருக்கிறது.

— கு.

---

அனுப்பியவர்: ந.

ஏற்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு 2017 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் நடந்ததை வைக்கலாம். 'கால் ஆஃப் டியூட்டி' ஆட்டத்தில் 1.50 டாலர் பந்தயத்தில் தகராறு. ஒருவர் இன்னொருவர்மீது படையேவ மூன்றாம் ஆளை அணுகுகிறார். கொடுக்கப்பட்டதோ, குறிவைக்கப்பட்டவர் இப்போது குடியிருக்காத பழைய முகவரி. அழைத்தவர் இருந்தது லாஸ் ஏஞ்சலஸில். கொலையும் பிணைக்கைதிகளும் என்று அவர் சொன்ன கதையை நம்பிப் போன காவலரின் குண்டுக்குப் பலியானவர், ஆட்டத்துக்கே சம்பந்தமில்லாத 28 வயது இளைஞர். அழைத்தவருக்கு 2019-இல் 20 ஆண்டு சிறை. இதையே ஒரு தொடரில் எழுதியிருந்தால் மிகை என்று தள்ளியிருப்பார்கள்.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'தொலைக்காட்சி மிகைப்படுத்துகிறது' என்று பொதுவாக எழுத வேண்டாம். வன்முறையின் அளவு பல நேரம் மிகையில்லை. தவறு இருப்பது ஆள் எண்ணிக்கையிலும், காரணத்தின் அற்பத்தனத்திலும், வழக்கு முடியும் வேகத்திலும்.

— ந.

---

அனுப்பியவர்: ம.

இலக்கணம் பற்றி ஒன்று. தி. 'மொய்த்தாக்கு' என்று ஒற்று மிகுத்து எழுதியிருக்கிறார். மொய் என்பதைப் பெயராகக் கொண்டால் அது சரி. ஆனால் நமக்கு வேண்டியது வினைத்தொகை: மொய்த்த, மொய்க்கிற, மொய்க்கும் தாக்கு. மொய்குழல் என்பதில் ஒற்று மிகவில்லை. அதே போல் 'மொய்தாக்கு'. கல்யாண மொய்யிலிருந்து விலகவும் இது உதவும்.

வினையாக வரும்போது 'மொய்தாக்கினர்' செயற்கையாக இருக்கிறது. 'மொய்த்துத் தாக்கினர்' என்று பிரித்தே எழுதலாம். வசன வரிகளில் இடம் போதாவிட்டால் 'மொய்த்தனர்' போதும். சூழலே தீங்கைச் சொல்லிவிடும்.

— ம.

---

அனுப்பியவர்: கு.

வேறு தடை வராவிட்டால் பதிவு இப்படிப் போகும்:

மொய்தாக்கு (பெயர்) – பல கணக்குகள் குறுகிய காலத்தில் ஒருவரை நோக்கிச் செய்திகளைக் குவிப்பதால் உண்டாகும் தொல்லை. தனிச் செய்தி ஒவ்வொன்றும் வசையாகவோ மிரட்டலாகவோ இருக்க வேண்டியதில்லை. வினை: மொய்த்துத் தாக்கு. மூலச்சொல்: டாக்பைலிங். ஒப்பிடுக: மதிப்புரை மொய்ப்பு, குவிதாக்கு, பினாமிக் கணக்கு. வேறுபடுத்துக: மிரட்டல், படையேவல்.

'குறுகிய காலம்' என்பதை மணிக்கணக்கில் வரையறுக்க வேண்டாம் என்று விட்டிருக்கிறேன். ஓய்ந்துபோன ஒன்று புதுக் காணொளி வந்ததும் மாதங்கள் கழித்து மீண்டும் கிளம்புவது உண்டு. அதை ஒரே மொய்தாக்கு என்பதா, இரண்டு என்பதா? தி., சட்டப் பிரிவுகளோடு ஒப்பிட்டு நீங்கள் சொன்னால் சேர்த்துவிடுகிறேன்.

— கு.