சிஸ்மெயினை நிறுத்தினால் 7 ஃபிரேம் கூடுமாம்!

நிதானம்:
கேமிங் பிசியில் என்ன செட்டிங்ஸ் வைப்பது என்று நேற்று ஒரு புதுப் பையன் கேட்டிருந்தான். கோடைஇடி அவர்கள் அருளிய பதில்: விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் சிஸ்மெயின் சேவையை நிறுத்து, மெமரி இன்டெக்ரிட்டியை (தீய நிரல் விண்டோஸின் உள்மையத்தில் நுழையாமல் காக்கும் வசதி) ஆஃப் செய், பேஜ்ஃபைலைத் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் கோப்பு) தூக்கு, நொடிக்கு 7 ஃபிரேம் கூடும். ஆதாரம் இரண்டு ஸ்கிரீன்ஷாட். ஒன்றில் 112, இன்னொன்றில் 119.

இதைப் படித்துவிட்டு என் மைத்துனன் அவனுடைய 16 ஜிபி மெஷினில் மூன்றையும் செய்துவிட்டான். ராத்திரி பத்தரைக்கு போன். "மாமா, கேம் தானாக மூடிக்கொள்கிறது." போய்ப் பார்த்தால் டாஸ்க் மேனேஜரில் ரேம் 11 ஜிபிதான் ஓடுகிறது. கீழே கமிட்டட் என்ற இடத்தில் 15.6/15.9. அந்த இரண்டாவது எண் ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த தொகை. பேஜ்ஃபைலை எடுத்தால் வெறும் ரேம்தான் மிச்சம். கேம் கேட்டு வைத்துக்கொள்ளும் இடம் அந்த வரம்பைத் தொட்டால், ரேம் காலியாக இருந்தாலும் விண்டோஸ் கையை விரித்துவிடும். திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது. 7 ஃபிரேமுக்கு ஆசைப்பட்டு இருந்ததும் போன கதை.

கோடைஇடி:
வந்துவிட்டார் நிதானம். பெயரில் மட்டும்தான் அது இருக்கிறது. பேஜ்ஃபைலை எடுக்கச் சொன்னது 32 ஜிபி வைத்திருப்பவர்களுக்கு. உங்கள் மைத்துனன் படிக்காமல் செய்தால் நான் என்ன செய்வது? 119-இல் 112 போனால் 7. கழித்தல் கணக்குத்தான், தொடக்கப் பள்ளியிலேயே சொல்லித்தந்துவிடுவார்கள்.

நிதானம்:
உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். 32 ஜிபி என்ற எண்ணே அதில் இல்லை. போகட்டும். அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே வலது மூலையில் முதல் படத்தில் மணி மதியம் 2:40. இரண்டாவதில் இரவு 11:05. மே மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை, ஏசி கிடையாது என்று நீங்களே போன மாதம் புலம்பியிருக்கிறீர்கள். கேம் திரையின் மேல் எண்களைக் காட்டும் உங்கள் ஓவர்லேயிலேயே பிராசசர் சூடு மதியம் 91, இரவு 78. 7 ஃபிரேமைக் கொடுத்தது சிஸ்மெயின் இல்லை தம்பி, சூரியன் மறைந்தது.

தூங்காநகரம்:
ஹாஹா. இனி கேம் ஆட சூரியனையும் டிசேபிள் செய்ய வேண்டும்.

கோடைஇடி:
சூடு 13 டிகிரி கூடினால் 7 ஃபிரேம் போய்விடுமா? எங்கே எழுதியிருக்கிறது? சிஸ்மெயினை நிறுத்தியதும் டாஸ்க் மேனேஜரில் 3 ஜிபி விடுதலை ஆனது. கண்ணால் பார்த்தேன்.

நிதானம்:
கண்ணால் பார்த்தது என்ன என்று தெரிய வேண்டாமா? ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போங்கள். பச்சை, பயன்பாட்டில் இருப்பது. கருநீலம், ஸ்டாண்ட்பை. நீங்கள் அடிக்கடி திறக்கிற கேமின் கோப்புகளை முன்கூட்டியே எடுத்து அந்தக் கருநீலத்தில் வைப்பதுதான் சிஸ்மெயினின் வேலை. யாராவது இடம் கேட்டால் அந்த நொடியே காலி செய்துவிடும். கல்யாணப் பந்தலில் முன்வரிசை நாற்காலியில் பொடியன் உட்கார்ந்திருப்பது மாதிரி. பெரியவர் வந்தால் எழுந்துவிடுவான். அவனை முன்கூட்டியே விரட்டிவிட்டு "மூன்று நாற்காலி மிச்சம்" என்கிறீர்கள்.

இது நேற்று வந்த சமாசாரமும் இல்லை. 2007-இல் விஸ்டாவோடு சூப்பர்ஃபெட்ச் என்ற பெயரில் வந்தது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் பெயர் மட்டும் மாறியது. பெயர் மாறியதும் புது வைரஸ் என்று நினைத்து நிறுத்தியவர்களும் இங்கே உண்டு, பெயர் சொல்லமாட்டேன்.

தூங்காநகரம்:
எந்த ஊர்க் கல்யாணத்தில் அண்ணே பொடியன் எழுந்து இடம் கொடுத்திருக்கிறான்? எங்கள் பக்கம் பெரியவர்தான் தூணில் சாய்ந்து நிற்பார்.

கோடைஇடி:
அதேதான்! பொடியன் எழவில்லை. அதனால்தான் எனக்கு 7 ஃபிரேம் குறைந்தது.

நிதானம்:
உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 2:40. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அல்லி:
இரண்டு பேரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோடைஇடி வைத்திருப்பது ரைசன் 5 2600 என்ற ஏஎம்டி பிராசசர், அவருடைய கையொப்பத்திலேயே இருக்கிறது. அது ஜென் பிளஸ், ஜென் 2-க்கு முந்தைய தலைமுறை. மெமரி இன்டெக்ரிட்டி வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்ளும் வசதி ஏஎம்டியில் ஜென் 2-இலிருந்துதான் வருகிறது, இன்டெலில் 7-ஆம் தலைமுறையிலிருந்து. அது இல்லாத சிப்பில் விண்டோஸ் அதே வேலையை மென்பொருளால் ஒப்பேற்றும், சுமை கூடும். விண்டோஸ் 11 அனுமதிக்கும் பட்டியலில் 2600 இருக்கிறது, ஆனால் இந்த வசதி கிடையாது. அதனால் அந்த மெஷினில் மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்தால் வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு. சிஸ்மெயினுக்கும் பேஜ்ஃபைலுக்கும் அதில் பங்கு இருக்காது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கொடுத்தது என்று எப்படித் தெரியும்?

மைக்ரோசாஃப்டே 2022 அக்டோபரில், கேம் வேகம் வேண்டுமென்றால் மெமரி இன்டெக்ரிட்டியையும் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபாரத்தையும் (கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்ட உதவும் வசதி) ஆஃப் செய்யலாம், ஆட்டம் முடிந்ததும் ஆன் செய்துவிடுங்கள், ஆஃப் செய்தால் பாதுகாப்பு குறையும் என்று எழுதியது.

கோடைஇடி:
மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது! நன்றி சார். நிதானம் இப்போது மைக்ரோசாஃப்டுக்கும் பாடம் எடுப்பார்.

அல்லி:
சார் இல்லை.

கோடைஇடி:
மன்னிக்கவும் மேடம். ஆனால் 7 ஃபிரேம் 7 ஃபிரேம்தான்.

நிதானம்:
ஆட்டம் முடிந்ததும் ஆன் செய் என்ற பாதியை முழுங்கிவிட்டீர்கள். போன வருடமும் இப்படித்தான். தெர்மல் பேஸ்ட்டை ஸ்பூனால் தடவச் சொன்ன புண்ணியவான் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

கோடைஇடி:
அது ஸ்பூன் இல்லை, பழைய ஏடிஎம் கார்டு. அதையே பொய்யாகச் சொல்கிறவர் மணி 2:40 என்பதை மட்டும் சரியாகவா படித்திருப்பார்?

சொல்லாய்வு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பேஜ்ஃபைல், ஃபிரேம் என்று எழுதுவதைக் காணச் சகிக்கவில்லை. பக்கக்கோப்பு, சட்டகம் என்று அழகான சொற்கள் இருக்கின்றன.

தூங்காநகரம்:
"எனக்கு ஏழு சட்டகம் கூடியது" என்று சொன்னால் தச்சு ஆசாரி என்று நினைப்பார்கள் ஐயா.

சொல்லாய்வு:
இந்த ஏளனம்தான் மொழியை அழிக்கிறது. 2019-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிதானம்:
சொல்லாய்வு ஐயா, இன்னொரு இழை திறந்து அங்கே அழுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். சோதனை என்றால், ஒரே அறை, ஒரே நேரம், ஒரே பெஞ்ச்மார்க், மூன்று ஓட்டம். முதல் ஓட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும், அதில் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தொகுக்கும் வேலை கலந்திருக்கும். சராசரியை மட்டும் பார்க்காமல் 1% லோவையும் (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகம்) பார்க்க வேண்டும், ஆடும்போது கையில் தெரியும் திக்கல் அதில்தான் இருக்கிறது. அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். இதில் எதையும் செய்யாமல் 2:40-க்கு ஒன்று, 11:05-க்கு ஒன்று எடுத்துவிட்டு ஊருக்கே உபதேசம்.

அல்லி:
ஒரு செட்டிங்கை மட்டும் என்று மேலே நான் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள்.

நிதானம்:
நான் சொன்னது வேறு.

புதுசு23:
அண்ணா, முதலில் கேட்டது நான்தான். என்னிடம் 16 ஜிபி, கேம் இருப்பது ஹார்ட் டிஸ்கில். சிஸ்மெயினால் டிஸ்க் 100% காட்டுகிறது. நிறுத்தலாமா, வேண்டாமா?

கோடைஇடி:
நிறுத்து.

நிதானம்:
நிறுத்தாதே. ஹார்ட் டிஸ்குக்குத்தான் அது அதிகம் உதவும். ஆன் செய்ததும் சில நிமிடம் சத்தம் போடும், பொறு.

அல்லி:
எஸ்எஸ்டி வாங்குங்கள். அது வரை விண்டோஸின் கேம் பாரில் பின்னணிப் பதிவு ஆன் ஆகியிருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள், டிஸ்குக்கு அந்த எழுதும் வேலையாவது குறையும்.

தூங்காநகரம்:
என் சித்தப்பா மகன், யாரோ வெட்டி ஒட்டிய "லைட்" விண்டோஸ் போட்டிருக்கிறான். டிஃபெண்டர் இல்லை, அப்டேட் இல்லை. பறக்கிறது என்கிறான்.

நிதானம்:
அவன் பாஸ்வேர்டும் பறக்கும். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் கேமைத் திறக்கவே டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) செக்யூர் பூட்டும் (கணினி ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் சோதனை) வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு நாளை இங்கேயேதான் வந்து அழுவான்.

கோடைஇடி:
பேச்சை மாற்றவேண்டாம். நீங்கள் கேட்டபடியே நேற்று ராத்திரி எல்லாவற்றையும் மறுபடி ஆன் செய்து ஓட்டினேன். 118. படம் இணைத்திருக்கிறேன். ஆஃப் செய்தால் 119. கூடுகிறதா இல்லையா?

நிதானம்:
7 எங்கே போனது?

கோடைஇடி:
கூடுதல் கூடுதல்தான். 1 என்ன, 7 என்ன. நான் சொன்ன திசை சரி.

அல்லி:
ராத்திரி ஓட்டியது என்றால் 118-க்கும் 119-க்கும் நடுவில் இருப்பது ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வித்தியாசம்தான். அப்படியானால் உங்கள் மெஷினில் மெமரி இன்டெக்ரிட்டியும் பெரிதாகத் தின்னவில்லை. அது ஆன் ஆன பிறகு ரீஸ்டார்ட் செய்தீர்களா? செய்யாவிட்டால் அது ஓடவே ஆரம்பித்திருக்காது.

கோடைஇடி:
ரீஸ்டார்ட் எல்லாம் எதற்கு மேடம்?

நிதானம்:
ரீஸ்டார்ட்டை விடுங்கள். இந்தப் படத்தில் வலது கீழ் மூலையை ஏன் வெட்டியிருக்கிறீர்கள்?