ரேஞ்சருக்கு ஸ்கிராப் யார்டுல இருந்து பின் ஆக்சில் எடுக்கலாமா, என்னல்லாம் பாக்கணும்?

பட்டைகட்டு:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது 1996 ஃபோர்ட் ரேஞ்சர், ஃபோர் வீல் டிரைவ், பின்னாடி 7.5 இன்ச் ஆக்சில் (உள்ள இருக்கற கிரவுன், அதாவது பெரிய வட்ட பல்சக்கரத்தோட அளவு). வாங்கும்போதே பினியன் (கிரவுன சுத்தி விடற சின்ன பல்சக்கரம்) சீல் ஒழுகி ஆயில் பாதிக்கு மேல இறங்கிப்போயிருந்துச்சு, முன்னாடி வெச்சிருந்தவர் அப்படியே ரொம்ப நாள் ஓட்டியிருக்கார் போல. இப்ப ஆக்சிலரேட்டர மிதிச்சா உய்ங்னு ஊளை, கால எடுத்தா கரகரன்னு வேற சத்தம். கவர கழட்டிப் பாத்தா கிரவுன் பல்லுல சூட்டுல நீலம் பாஞ்சிருக்கு. புது கிரவுன் பினியன், பேரிங், அத செட் பண்ற கூலின்னு கணக்கு போட்டா முழு ஆக்சிலே யார்டுல எடுத்துடலாம்னு தோணுது. அங்க ரெண்டு இருக்கு, ஒண்ணு இதே ரேஞ்சர் 7.5, இன்னொண்ணு 1998 எக்ஸ்ப்ளோரரோட 8.8 இன்ச், டிஸ்க் பிரேக்கோட. எத எடுக்கலாம்? கழட்டறதுக்கு முன்னாடியே நல்லதா கெட்டதான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

கிரவுன்வீல்:
ப்ரோ, எத எடுத்தாலும் உள்ள பாக்காம எடுக்காதீங்க, இது ஒண்ணுதான் நான் அடிச்சு சொல்லுவேன். முதல்ல வண்டி எப்படி யார்டுக்கு வந்துச்சுன்னு பாருங்க. முன்னாடி இடிச்ச வண்டின்னா நல்லது, அதுவரைக்கும் ஓடிட்டு இருந்த வண்டியா இருக்க வாய்ப்பு அதிகம். பின் சக்கரத்துல அடி வாங்கியிருந்தா தொடவே வேண்டாம், டியூப் வளைஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியாது, மாட்டினப்புறம் டயரும் சீலும் தேய்ஞ்சுதான் தெரியும்.

அடுத்து பினியன் ஃப்ளாஞ்ச (முன்னாடி இருந்து வர்ற ஜாயிண்ட் ஷாஃப்ட் மாட்டுற தட்டு) கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, துளி கூட ஆடக்கூடாது, ஆடுச்சுன்னா பினியன் பேரிங் போச்சு. சுத்துற திசையில கொஞ்சம் லூஸ் இருக்கும், அது பல்லுக்கு நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி, அதுக்கு பயப்பட வேண்டாம். மெதுவா சுத்தி விடுங்க, எங்கயாவது கடகடன்னோ இறுக்கமாவோ வந்தா வேற வண்டிய பாருங்க.

அப்புறம் அடியில ஒரு டிரே வெச்சு கவர கழட்டுங்க. ஆயில் கருப்பா இருக்கலாம், தப்பில்ல. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு. கருகின வாசனை வந்தாலும் வேண்டாம். விரல்ல தொட்டா மை மாதிரி நைசா ஒட்டுற இரும்புத்தூள் சகஜம், ஆனா நகத்துல மாட்டுற அளவு துண்டு இருந்தா ஏதோ பல்லோ பேரிங்கோ உடைஞ்சிருக்கு. கிரவுன் பல்லு ஒவ்வொண்ணா லைட் அடிச்சு பாருங்க, குழி விழுந்திருக்கக்கூடாது.

இன்னொண்ணு பலபேர் விட்டுடறாங்க. இந்த ரெண்டு ஆக்சில்லயும் சக்கரத்த சுத்துற ஷாஃப்ட உள்பக்கம் சி வடிவ கிளிப்தான் பிடிக்குது, வெளிப்பக்கம் பேரிங் ரோலர் நேரா ஷாஃப்ட் மேலேயே ஓடும், தனி உள்வளையம் கிடையாது. அதனால பேரிங் உக்கார்ற இடத்துல ஷாஃப்ட் தேய்ஞ்சு பள்ளம் ஆயிருந்தா புது பேரிங் போட்டும் பிரயோஜனம் இல்ல. முடிஞ்சா ஷாஃப்ட உருவிப் பாருங்க. ஆனா உள்ள குறுக்க போற கிராஸ் பின்ன பிடிக்கிற சின்ன லாக் போல்ட் இருக்கு பாருங்க, அது உடையறதுக்குன்னே இருக்கும், அளவான ஸ்பேனர் போட்டு பொறுமையா கழட்டுங்க.

மண்ரோடு:
நான் சொன்னா 8.8தான். எக்ஸ்ப்ளோரரோடது 31 ஸ்ப்லைன் (நுனில இருக்கற வரிப்பல்லு) ஷாஃப்ட், உங்க 7.5ல 28, டியூபும் தடிமன், சக்கர போல்ட்டும் அதே அஞ்சுதான், ரிம் மாத்த வேணாம். ஆனா நேரா போய் உக்காராது. எக்ஸ்ப்ளோரர்ல பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்கு கீழ இருக்கு, உங்க வண்டில மேல, அதனால ஸ்பிரிங் உக்கார்ற சீட்ட புதுசா வெல்டிங் பண்ணணும். வெல்டிங்குக்கு நல்ல ஆள் இல்லன்னா பேசாம அந்த 7.5ஐ எடுங்க, போல்ட் மாத்தி போல்ட், வேலை முடிஞ்சுது.

ரெண்டுல எதுன்னாலும் ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த பினியன் எத்தன சுத்துன்ற கணக்கு) முன் ஆக்சிலோட பொருந்தணும், ஃபோர் வீல் டிரைவ்ல இதுல விட்டுக்கொடுக்கவே முடியாது. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு இருந்தா கெட்டித் தரையில ஃபோர் வீல் போட்ட உடனே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பவர பிரிச்சு தர்ற பெட்டி) முறுக்கிக்கும். கவர் போல்ட்ல ஒரு சின்ன தகடு தொங்கும், அதுல 3 எல் 73 ன்னு இருந்தா 3.73, எல் இருந்தா லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கி சுத்தறத கட்டுப்படுத்தற வகை. தகடு இல்லன்னா கிரவுன்ல அடிச்சிருக்கற பல்லு எண்ணிக்கைய பாருங்க, 41க்கு 11ன்னா 3.73, 41க்கு 10ன்னா 4.10.

பட்டைகட்டு:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். போய் பாத்தேன், எக்ஸ்ப்ளோரர் முன்னாடி இடிச்ச வண்டி, பினியன் ஆடல, தகடுல 3 எல் 73. என் முன் ஆக்சிலும் 3.73தான். வெல்டிங்குக்கு ஆள் இருக்கார். கழட்டும்போதும் மாட்டும்போதும் என்ன கவனிக்கணும்?

கிரவுன்வீல்:
அருமை, எடுத்துடுங்க. வண்டி ஸ்டாண்டு மேல உறுதியா நிக்குதான்னு முதல்ல தள்ளிப் பாருங்க, வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகவே போகாதீங்க, இதுல மட்டும் அவசரம் வேண்டாம். யூ போல்ட் (ஆக்சில ஸ்பிரிங்கோட கட்டிப் பிடிக்கிறது) துரு பிடிச்சு வராது, யார்டுல கிரைண்டர் விடுவாங்களான்னு கேட்டுக்கங்க, அறுத்துட்டா போதும், எப்படியும் பழைய யூ போல்ட்ட திரும்ப போடக்கூடாது. ஜாயிண்ட் ஷாஃப்ட் பிடிக்கிறது 12 எம்எம், 12 முனை போல்ட், அந்த சாக்கெட்ட கொண்டு போங்க. யார்டுல கழட்டும்போது பினியன் நட்ட மட்டும் தொடாதீங்க, உள்ள நசுங்குற ஸ்லீவ்ல பேரிங் இறுக்கம் செட் ஆகியிருக்கு. ஹேண்ட் பிரேக் கேபிள், காலிப்பர், மேல இருக்கற ஏபிஎஸ் சென்சார், அதோட ஒயர் கனெக்டர் எல்லாம் சேத்தே எடுங்க, தனியா தேடி அலைய முடியாது. தூக்க ஒரு ஆள கூட்டிட்டுப் போங்க, வெயிட் அதிகம்.

மண்ரோடு:
வெல்டிங் பத்தி நான் சொல்றேன். பழைய ஆக்சில கழட்டறதுக்கு முன்னாடியே, வண்டி தரையில நிக்கும்போது பினியன் எத்தன டிகிரில இருக்குன்னு அளந்து எழுதி வெச்சுக்கங்க, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தையும். 8.8ல டிஃப் (கிரவுன், பினியன் இருக்கற உருண்டைப் பகுதி) நடுவுல இருக்காது, ஒரு பக்க டியூப் சின்னது, அதனால டிஃப்ப வெச்சு சென்டர் பாக்காம ரெண்டு சக்கர ஃப்ளாஞ்சயும் வெச்சு பாருங்க. சீட்ட சும்மா மேல வெச்சு யூ போல்ட்ட லேசா மாட்டி, வண்டிய இறக்கி ஸ்பிரிங் மேல வெயிட் வந்தப்புறம் ஆங்கிள சரி பண்ணி புள்ளி வெல்டிங் மட்டும் அடிங்க. அப்புறம் வெளிய எடுத்து முழு வெல்டிங், ஒரே இழுவையா இல்லாம கொஞ்சம் கொஞ்சமா, பக்கம் மாத்தி மாத்தி, ஆறவிட்டு, இல்லன்னா டியூப் இழுத்துக்கும். வெல்டிங்குக்கு அப்புறம் புது ஆக்சில் சீல், பினியன் சீல் போடணும்னா நட்டுக்கு அடையாளம் போட்டு அதே இடத்துக்கு இறுக்குங்க. ஆயில் ஊத்தும்போது லிமிடெட் ஸ்லிப்புக்கு உண்டான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேக்க மறக்காதீங்க, இல்லன்னா திருப்பத்துல பின்னாடி உதறும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு யூ போல்ட்ட இன்னொரு தடவ டார்க் ரெஞ்ச்ல இறுக்கிடுங்க, மாட்டி முடிச்சதும் ஃபோட்டோ போடுங்க.