என்பிடெல்: அசைன்மென்ட் 4, 5 போட்டும் மார்க் 0. எஃப்.டி.பி. போய்விடுமா?

பட்டறை_மெக்:
வணக்கம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் விரிவுரையாளர். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில், வெல்டிங் பற்றிய 12 வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். முதல் மூன்று அசைன்மென்ட்டுக்கும் மார்க் வந்துவிட்டது. 4, 5 இரண்டையும் கெடுவுக்கு முந்தின நாளே போட்டேன், போய்ச் சேர்ந்ததாகச் செய்தியும் வந்தது. நேற்று போனில் பார்த்தால் இரண்டுக்கும் 0. லாக்-அவுட் செய்து பார்த்தேன், கேஷ் அழித்தேன், பலனில்லை. பதவி உயர்வுக் கோப்பில் எஃப்.டி.பி. (ஆசிரியர் திறன் மேம்பாட்டுப் பயிற்சி) சான்றிதழ் ஒன்று குறைகிறது, அதற்காகவே சேர்ந்தேன். வழி சொல்லுங்கள்.

கோவை_சிவில்:
கெடு முடிந்த பிறகுதான் மார்க் ஏறும் சார். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

பட்டறை_மெக்:
5-ஆவதன் கெடுவே போன புதனோடு முடிந்துவிட்டது சார்.

நெல்லை_ஈஈஈ:
1 முதல் 3 வரை எதில் போட்டீர்கள்? 4, 5 எதில்? இரண்டு இடத்திலும் மேல் வலது மூலையில் எந்த மெயில் ஐடி காட்டுகிறது என்று பாருங்கள்.

பட்டறை_மெக்:
மேடம், பிடித்துவிட்டீர்கள். முதல் மூன்றும் வீட்டில், போனில். அடுத்த இரண்டும் இன்டர்னல் தேர்வு நேரம் என்பதால் டிபார்ட்மென்ட் கணினியில். போனில் என் ஜிமெயில், அங்கே கல்லூரி மெயில். எச்.ஓ.டி. எல்லாரையும் சேரச் சொன்ன அன்று கல்லூரி மெயிலிலும் சேர்ந்து தொலைத்திருக்கிறேன் போல. அதில் 4-க்கு 80, 5-க்கு 90 என்று ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

நெல்லை_ஈஈஈ:
அந்த இரண்டையும் மறந்துவிடுங்கள். 12 வாரப் பாடத்துக்குச் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு. ஜிமெயிலில் 3 இருக்கிறது. 6 முதல் 12 வரை இன்னும் 7. மொத்தம் 10, இரண்டு உபரி. இனி ஜிமெயிலை விட்டு நகராதீர்கள்.

இதைவிட முக்கியம், தேர்வுக்கும் அதே ஜிமெயிலில் பதிவு செய்ய வேண்டும். மெயில் மாறினால் அசைன்மென்ட் மார்க் தேர்வோடு சேராது. அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

துருப்பிடித்த_லேத்:
மேடம் சொல்வது அனுபவ உண்மை. நான் இப்படித்தான் மாட்டினேன். தேர்வில் 75-க்கு 58, அசைன்மென்ட்டில் 0. சான்றிதழும் இல்லை, கட்டிய 1000 ரூபாயும் போச்சு. தப்பு முழுக்க என்னுடையது, மெயிலைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டேன்.

பாட முகப்பில் எஃப்.டி.பி. என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லாப் பாடத்துக்கும் கிடையாது. இருந்தால் 12 வாரப் பாடம் ஒன்றரை வார எஃப்.டி.பி., 8 வாரப் பாடம் ஒரு வாரம். தேர்வுப் படிவத்தில் ஆசிரியர் என்று குறிக்க மறக்காதீர்கள்.

சான்றிதழுக்காகவே சேர்ந்தேன் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ஆனால் ஆர்க் நீளம் (ராடு முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி) கூடினால் வோல்டேஜ் ஏறுவதையும் தெறிப்பு அதிகமாவதையும் 15 வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தவன், வீடியோவில் பார்த்த பிறகு பட்டறையில் இரண்டு பீட் (வெல்டிங் வரி) போட்டு அருகருகே வைத்துக் காட்டினேன். பையன்கள் தாங்களாகவே தடவிப் பார்த்தார்கள். ஆனால் கை நடுக்கத்தை எந்த வீடியோவும் சரிசெய்யாது.

கோவை_சிவில்:
நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். எனக்கும் இரண்டு மெயில் இருக்கிறது, போய்ப் பார்க்கிறேன்.

பட்டறை_மெக்:
6-ஐ ஜிமெயிலில் போட்டாயிற்று. டிபார்ட்மென்ட் கணினியில் கல்லூரி மெயிலை லாக்-அவுட் செய்துவிட்டேன். முகப்பில் எஃப்.டி.பி. என்று இருக்கிறது. நன்றி மேடம், நன்றி சார். கடைசியாக ஒன்று: தேர்வுப் படிவத்தில் இனிஷியல் முன்னாடியா பின்னாடியா?

நெல்லை_ஈஈஈ:
பணிப் பதிவேட்டில் எப்படியோ அப்படியே. படிவத்தில் போட்ட பெயர்தான் சான்றிதழில் வரும்.