நச்சுத்தேனா, நச்சு மதுரமா?

புதுச்சேரியிலிருந்து:

ஐயா, வணக்கம்.

தேனீக்களுக்கு ஊறு செய்யும் நெக்டருக்கு, அதாவது பூவில் சுரக்கும் இனிப்புநீருக்கு, கலைச்சொல் தொகுப்பில் ‘நச்சுத்தேன்’ என்று நீங்கள் தந்த சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. நம் ‘தேன்’ பூவில் ஊறுவதையும் குறிக்கும், அடையில் முதிர்ந்ததையும் குறிக்கும். பேச்சில் அதனால் இடைஞ்சல் இல்லை. தேனீ வளர்ப்புத் துறையில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்.

நியூசிலாந்தில் டூட்டு என்றொரு புதர். அதன் சாற்றை ஒரு தத்துப்பூச்சி உறிஞ்சி, இனிப்பான கழிவை இலைமேல் விடுகிறது. தேனீ அதை எடுத்துவந்து அடையில் சேர்க்கிறது. தேனீக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்தத் தேனைச் சாப்பிட்ட மனிதருக்கு வலிப்பு வரும். இதில் பூவுக்கு வேலையே இல்லை! கலிபோர்னியாவின் பக்கை (buckeye) மரம் இதற்கு நேர் எதிர்: நஞ்சு பூவிலேயே, அடிவாங்குவது தேனீயே. தேன் மனிதர் கைக்கு வருவதற்கு முன்பே கூடு கெடுகிறது. புழுக்கள் சாகின்றன, பிழைத்து வரும் இளந்தேனீக்களுக்கு இறகு கோணிப்போகிறது, ராணி இடும் முட்டைகள் பொரிவதில்லை. சுற்றிலும் வேறு பூ நிறைய இருந்தால் அந்த நஞ்சு கலந்து நீர்த்துவிடும்; பூ வறண்ட காலத்தில்தான் கூடு அடிவாங்குகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் எப்படிச் சுட்டுவது?

கி.மு. 401இல் கருங்கடல் பக்கம் கிரேக்கத் தளபதி செனபோனின் படை அங்கிருந்த தேனைத் தின்று மயங்கி விழுந்ததே, அந்தத் தேனுக்கு ‘நச்சுத்தேன்’ சரி. அச்சொல்லை அங்கேயே நிறுத்திவைப்போம்.

முந்தைய மடலில் வந்த ‘நச்சுப்பூத்தேன்’ இன்னும் சிக்கல். நச்சு + பூத்தேனா, நச்சுப்பூ + தேனா? அரளியின் உடம்பெல்லாம் நஞ்சு, ஆனால் செவ்வரளிப் பூவில் தேனே சுரப்பதில்லை. செடி நஞ்சு என்பதால் பூவில் ஊறுவதும் நஞ்சு என்று ஆகாது.

தேனீ வளர்ப்புக் குறிப்புகளில் நெக்டருக்கு ‘மதுரம்’ ஏற்கெனவே புழங்குகிறது. எனவே ‘நச்சு மதுரம்’ என்பது என் முன்மொழிவு. வடசொல் என்பீர்கள். ‘நறவு’ அழகுதான், ஆனால் அது கள்ளையும் குறிக்கும். எங்கள் ஊரில் இருந்துகொண்டு ‘நச்சு நறவு’ என்று எழுதினால் கள்ளச்சாராயச் செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பண்ருட்டியிலிருந்து:

வணக்கம் மேடம். தேனீப் பெட்டி வைத்திருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் தை, மாசியில் முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். மறுநாள் பெட்டி வாசலில் தேனீ குவியலாகச் செத்துக் கிடக்கும். நீங்கள் ‘நச்சு மதுரம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தால், அடித்தவர் ‘பூவிலேயே நஞ்சு இருக்காம்’ என்று கையைக் கழுவிவிடுவார். முந்திரிப் பூ என்ன பாவம் செய்தது? மருந்தடித்த பூவில் இருப்பதற்கும் தனியாகப் பெயர் வையுங்கள்.

புதுச்சேரியிலிருந்து:

அண்ணா, நீங்கள் கேட்பது நியாயம். அதற்கு ‘மருந்தேறிய மதுரம்’ என்று வைக்கலாம், தோப்பில் நின்று சொன்னாலும் புரியும். அடையாளமும் வேறுதான். மருந்தென்றால் திடீரென்று குவியலாகச் சாகும். செடியின் நஞ்சென்றால் அதே இடத்தில், ஆண்டுதோறும் அதே பூப்பருவத்தில், கூடு மெல்ல மெல்லத் தேயும்.

இன்னொன்றையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். நீலகிரியின் காட்டுப்பூவரசுக்கு உறவான ரோடோடென்ட்ரான் புதர் ஒன்று அயர்லாந்தில் பரவிக் கிடக்கிறது. அதன் மதுரத்தில் உள்ள கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு அங்கே ஆய்வுக்கு எடுத்த தேனீக்களைச் சில மணி நேரத்தில் கொன்றது. பம்பிள் எனும் வேறு இனத் தேனீக்களை அது ஒன்றும் செய்யவில்லை. துருக்கியின் கருங்கடல் கரையிலோ அதே செடியிலிருந்து தேனீக்கள் தேனே சேர்க்கின்றன! ஆக, யாருக்கு நஞ்சு என்று சொல்லாமல் ‘நச்சு’ என்று மட்டும் எழுதுவது அரைகுறை.

தொகுப்பில் இப்படிப் போடலாமா, ஐயா?

நச்சு மதுரம்: செடி தானே உண்டாக்கும் நஞ்சு கலந்து பூவில் சுரக்கும் இனிப்புநீர். எந்த இனத் தேனீக்கு, புழுவுக்கா வளர்ந்ததற்கா என்பதையும் சேர்த்தே வழங்குக. தெளித்த மருந்தால் கெட்டதை இச்சொல் குறிக்காது. அதற்கு ‘மருந்தேறிய மதுரம்’ காண்க.