கேட்ச்-22: கலைந்த காலத்தை நேராக்கியது சரியா?

செவ்வந்தி:
இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்த அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஜோசப் ஹெல்லரின் நாவல் ‘கேட்ச்-22’ 1961இல் வந்தது. மைக் நிக்கோல்ஸ் 1970இல் படமாக்கினார், திரைக்கதை பக் ஹென்றி. 2019இல் ஆறு பகுதித் தொடராகவும் வந்தது. நாவலும் படமும் காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துச் சொல்கின்றன; தொடர் அதை நேர்வரிசையில் அடுக்கியது. அதுதான் சரி என்பது என் கட்சி. கதையை ஓட்டுவது ஓர் எண். ஊர் திரும்ப வேண்டுமானால் இத்தனை முறை குண்டுவீச்சுக்குப் பறக்க வேண்டும் என்ற கணக்கு 25இல் தொடங்குகிறது. படைப்பிரிவின் தலைவர் கர்னல் காத்கார்ட் அதை ஏற்றிக்கொண்டே 80 வரை கொண்டுபோகிறார். நாயகன் யோசேரியன் நெருங்க நெருங்க எல்லை நகர்கிறது. சிரிப்பும் கிலியும் அங்கிருந்துதான் வருகின்றன. படத்தில் எண் இப்போது எங்கே நிற்கிறது என்பதே பிடிபடவில்லை.

மூன்றாம்சுருள்:
எண் முக்கியம்தான், ஆனால் நாவலின் முதுகெலும்பு, யோசேரியனின் விமானத்திலேயே அடிபட்டுச் சாகும் இளம் வீரன் ஸ்னோடனின் மரணம். அது துண்டு துண்டாக வருகிறது. முழுக் காட்சி 41ஆம் அத்தியாயத்தில்தான். நாவலில் இருப்பதே 42 அத்தியாயங்கள். படம் இதை அப்படியே பிடித்தது. விமானத்துக்குள் அதே காட்சி, வெளுத்துப்போன வெள்ளை ஒளியில், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நீளமாகத் திரும்பி வருகிறது. கடைசி முறைதான் கவச உடை திறக்கிறது. நேர்வரிசையில் அந்த மரணம் முடிவுக்குப் போய்விடுகிறது. அப்புறம், அதுவரை நடந்த வேடிக்கையெல்லாம் எதற்குப் பயந்து நடந்தது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. பயிற்சி முகாம் அதிகாரி ஷைஸ்காப்பின் அணிவகுப்புப் பைத்தியம் நாவலில் 8ஆம் அத்தியாயத்தில் வருகிறது. ஆஸ்பத்திரியையும் பறப்புகளையும் பார்த்த பிறகு படிப்பதால் அது உறைக்கிறது. தொடரோ பயிற்சி முகாமில் தொடங்குகிறது. அங்கே அது வழக்கமான பட்டாளக் காமெடியாகத்தான் நிற்கும்.

செவ்வந்தி:
பயிற்சி முகாம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். யோசேரியன் மேலதிகாரிகளோடு பேசுவது விமான இரைச்சலில் கேட்கவே இல்லை, உடனே அவனுக்குக் கத்திக்குத்து. அதே பேச்சு பின்னால் ஒலியோடு வருகிறது. நாவலைப் படித்தவருக்கு அருமை. புதிதாக வருபவர் முதல் அரைமணி யார் யாரென்று தேடிக்கொண்டே இருப்பார்.

கரிசல்:
இருவருமே வரிசையிலேயே நிற்கிறீர்கள். வசனத்துக்கு என்ன ஆகிறது? படையின் சாப்பாட்டுப் பொறுப்பாளன், வியாபாரப் புலி மைலோவின் முட்டைக் கணக்கை எடுங்கள்: சிசிலியில் ஒரு சென்ட்டுக்கு வாங்கி, மால்டாவில் நாலேகாலுக்கு விற்று, அதையே ஏழுக்குத் திரும்ப வாங்கி, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஐந்துக்குக் கொடுக்கிறான். மால்டாவில் வாங்குபவனும் திரும்ப விற்பவனும் அவனேதான் என்பதால் முட்டைக்கு நாலு சென்ட் நிற்கிறது. பக்கத்தில் இதை இரண்டாம் முறை படித்துச் சிரிக்கலாம். திரையில் பின்னால் புரட்ட முடியாது. பார்ப்பவர் கூட்டிக் கழிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும்.

நிக்கோல்ஸ் கணக்கை விட்டுவிட்டு அதன் குணத்தைப் படமாக்கினார். காத்கார்ட்டும் மைலோவும் முட்டை பற்றிப் பேசுகிறார்கள்; பின்னணியில் அடிபட்ட பி-25 குண்டுவீச்சு விமானம் இறங்கி வெடித்து எரிகிறது. இருவரும் திரும்பியே பார்க்கவில்லை. வைட் ஷாட்டில் முன்னும் பின்னும் ஒரே சட்டகத்தில் இருந்தால்தான் இது வேலை செய்யும். எரியும் விமானத்துக்கு ஒரு குளோசப் வெட்டிப் போட்டால் அது போர்க்காட்சி. அதிகாரியின் முகத்துக்கு வெட்டினால் நையாண்டி நாடகம். படத்தில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லாததும் இதனால்தான். ‘இப்போது சிரி’ என்று இசை சொன்ன மறுகணம் இருள் போய்விடும்.

செவ்வந்தி:
அந்த ஷாட்டுக்கு எதிராக ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி எத்தனை வைக்க முடியும்? இரண்டு மணிப் படத்துக்குத் திரைக்கதை சுமார் 120 பக்கம்தான். மைலோவுக்கு இடம் கொடுத்தால் வேறொருவர் போக வேண்டும். பயிற்சி முகாம் முழுதும் போனது அப்படித்தான். ஆறு பகுதி இருந்தால் ஆள்களைப் பழக விட்டுக் கொல்லலாம்.

மூன்றாம்சுருள்:
நீளம் வேறு, வரிசை வேறு. அதே ஆறு பகுதியில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஸ்னோடன் காட்சியை அரை நிமிடம் நீட்டியிருக்கலாம். உங்கள் எண்ணை அலுவலகக் கரும்பலகையில் எழுதி வைத்தாலே கணக்கும் தொலையாது.

செவ்வந்தி:
கரும்பலகையில் 55, அடுத்த காட்சியில் 40 என்று பின்னோக்கிப் போனால், எல்லை ஏறுகிறது என்ற பயமே இறங்கிவிடும். எண்ணை முன்னோக்கி மட்டும் ஓடவிட்டு, ஸ்னோடனை மட்டும் கலைத்துப் போடுவதானால் சம்மதம்.