ஒஹையோ ஸ்டேட் – மிச்சிகன் மேட்ச்: ஸ்கோர் கணிக்க உதவுங்களேன்

கொலம்பஸில் ரொம்ப வருஷமாக இருக்கும் நண்பர்களிடம் ஒரு உதவி. நவம்பர் கடைசி சனிக்கிழமை நம்ம ஊர் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கும் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச். ஆபீஸில் ஆளாளுக்கு ஸ்கோர் எழுதித் தர வேண்டும், காசுப் பந்தயம் கிடையாது. இந்த ஆட்டம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, சும்மா ஏதோ ஒரு எண்ணைப் போட மனசு வரவில்லை.

அணியின் பலத்தை மட்டும் நம்பலாமா? 2024-இல் ஒஹையோ ஸ்டேட் 20 புள்ளி அளவுக்கு முன்னால் இருக்கும் என்றார்கள். சொந்த மைதானத்திலேயே மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. அதே அணிதான் அந்த சீசனில் தேசிய சாம்பியன்! அப்படியென்றால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? டிஃபென்ஸா, குளிரா, எந்த ஊரில் ஆட்டம் என்பதையா? டச்டவுனும் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) கூடுதல் கிக்கும் சேர்ந்து 7, ஃபீல்ட் கோல் (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவது) 3. அதனால் 10, 17, 20, 24 மாதிரி எண்கள்தான் அதிகம் வரும் என்று நினைக்கிறேன். சரிதானா?

இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் டெயில்கேட்டுக்கு (மேட்சுக்கு முன்னால் கார் பக்கத்தில் கூடிச் சாப்பிடும் விருந்து) கூப்பிட்டிருக்கிறார். தினமும் வாசலில் நின்று பேசும் நல்ல மனுஷர், வெறுங்கையோடு போக முடியாது. குளிரில் ஆறினாலும் ருசிக்கிற மாதிரி என்ன செய்து கொண்டுபோகலாம்? மசால் வடை சரிவருமா? மிச்சிகன் நிறம் என்பதால் நீலச் சட்டை கூடாது என்பது மட்டும் தெரியும்.

வியாழனுக்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். உங்கள் கணிப்பையும் எழுதுங்கள்.