குங்குமப்பூவை வீட்டில் வளர்த்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

திருநகர் மாடித்தோட்டம்

கிழங்கு வாங்கியது, ஏழில் ஆறு அழுகிப்போனது எல்லாம் இங்கே பலருக்கும் நடந்ததுதான், அதை விடுகிறேன். மிச்சம் இருந்த ஒன்றை மண்ணில்கூட வைக்காமல் ஒரு தட்டில் வைத்து, ஏசி அறையில் இரவெல்லாம் 17 டிகிரியில் விட்டிருந்தேன். போன நவம்பரில் வெள்ளையாக ஒரு முளை வந்து, அதன் நுனியில் ஊதா எட்டிப் பார்த்தது. நான் வேலைக்குக் கிளம்பும்போது மூடித்தான் இருந்தது. அம்மாவிடம், "தொட்டுறாதம்மா, ஒடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரவு எட்டு மணிக்கு வந்து பார்த்தால் பூ துவண்டு கிடக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். "பத்து மணிக்கெல்லாம் விரிஞ்சிருச்சு. செவசெவன்னு மூணு நூலு, பூவுக்கு வெளிய தொங்குச்சு. நீதான தொடக் கூடாதுன்ன, அதான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

முப்பது வருடம் மல்லி கட்டிய கை அது. மாட்டுத்தாவணியில் வாங்கி வந்த மொட்டை, விரியும் முன்னே தொடுத்து முடித்துவிடும். அந்தக் கை ஒரு பூவுக்காக நாள் முழுக்க மடியிலேயே கிடந்திருக்கிறது. காஷ்மீரில் பாம்பூர்க்காரர்கள் விடிகாலையிலேயே பறித்துவிடுவார்கள், பூ ஒரு நாளைக்கு மேல் தாங்காது என்பது எனக்குத் தெரியும். அவளிடம் அதைச் சொல்லாமல் போய்விட்டேன்.

மேலூர் பக்கம்

உங்களுக்கு வந்தது நிஜப் பூ. எனக்கு வந்தது விதை. "குங்குமப்பூ விதை" என்று ஆன்லைனில் வாங்கிக் குரோ பேக்கில் போட்டேன். இடுப்பு உயரம் வளர்ந்தது, இலை ஓரமெல்லாம் முள், ஆரஞ்சு நிறப் பூ. காயவைத்த இதழை ஒரு சிமிழில் போட்டுத் தங்கச்சி வளைகாப்புத் தட்டில் வைத்தேன்.

சோலாப்பூரில் ரொம்ப வருடம் இருந்துவிட்டு வந்த பெரியம்மா ஒரு வாரம் கழித்துச் சிமிழைத் திறந்து பார்த்தார். "ஏப்பா, இது கர்டை. அங்க இதுல எண்ணெய் ஆட்டுவாங்க" என்றார். நம் ஊரில் குசும்பா என்பது அதைத்தான். குங்குமப்பூவுக்கு விதையே பிடிக்காது, கிழங்கு குட்டி போட்டுத்தான் பெருகும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். தங்கச்சி அதற்குள் ஒரு வாரமாக அதைப் பாலில் போட்டுக் குடித்திருந்தாள். பிள்ளை நன்றாகப் பிறந்துவிட்டது. ஆனால் பெரியம்மா சொல்லி முடித்ததும், இரண்டு கையிலும் வளையலோடு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

வாடிப்பட்டி

திருநகர்க்காரருக்கு: பூ துவண்டால் என்ன, நூல் கெடாது. அப்படியே எடுத்து நிழலில் உலர்த்தியிருக்கலாம்.

நான் ஏப்ரலில் வாங்கிய இருபது கிழங்கையும் வெயிலுக்குப் பயந்து நேராகப் பிரிட்ஜில் வைத்தேன். நவம்பரில் இருபதும் முளைத்தன, அத்தனையும் வெறும் புல். தினமும் காலையில் டார்ச் அடித்து ஒவ்வொரு குருத்தாகப் பிரித்து, உள்ளே ஊதா தெரிகிறதா என்று தேடியது நினைவிருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

குங்குமப்பூ என்றாலே எல்லோரும் "குளிர் வேண்டும், குளிர் வேண்டும்" என்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கோடையில் கிழங்கு தூங்கும்போதுதான் உள்ளே பூ மொட்டு உருவாகிறது. அதற்கு 23 முதல் 27 டிகிரி வரை சூடு வேண்டும். அந்த நேரத்தில் குளிரில் வைத்தால் மொட்டே கட்டாது. மதுரை மே மாத மாடியும் ஆகாது, 40 டிகிரியில் வெந்துவிடும். தரைத்தளத்தில் இருட்டான, காற்றோட்டமான அறையில் மணலில் பரப்பி வையுங்கள், தண்ணீர் காட்டக் கூடாது. மொட்டு கட்டிய பிறகு, ஐப்பசி வாக்கில், 15 முதல் 17 டிகிரிக்கு மாற்றினால் வெளியே வரும். பூக்க மண்ணே தேவையில்லை, திருநகர்க்காரர் செய்தது சரி. பூத்து முடிந்ததும் வடிகால் உள்ள மண்ணில் வைத்து நல்ல வெளிச்சம் காட்ட வேண்டும், அப்போதுதான் குட்டிக் கிழங்கு தேறும். நம் ஊரில் மாசியிலேயே வெயில் ஏறி இலை காய்ந்துவிடுவதால் குட்டி சிறுத்துப்போகும். 8 கிராமுக்குக் குறைந்த கிழங்கு பெரும்பாலும் பூக்காது, எடை போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் குங்குமப்பூவுக்கு 150 பூவாவது வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அய்யர் பங்களா

வாடிப்பட்டிக்காரரே, திருநகர்க்காரர் நூல் வீணானதைப் பற்றி எழுதவில்லையே.

எனக்குக் குங்குமப்பூ என்று கொடுத்த கிழங்குகள் ஒரு மழை பெய்து நாலாம் நாள் மொத்தமாகப் பூத்தன, இளஞ்சிவப்பில். வீடே கூடி நின்றது. பேத்தி ஒரு பூவைப் பறித்துப் பால் டம்ளர் மேல் பிடித்துவிட்டாள். உள்ளே மஞ்சள் காம்புகளை எண்ணினேன், ஆறு. குங்குமப்பூவில் மகரந்தக் காம்பு மூன்றுதான், நடுவே சிவப்பு நூல் மூன்று. இது மழை லில்லி, நஞ்சுள்ள செடி. டம்ளரைத் தட்டிவிட்ட வேகத்தில் குழந்தை பயந்து அழுதாள். பூ என்று நீட்டினால் இப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

மேலூர்க்காரருக்கு ஒன்று. நிஜக் குங்குமப்பூவே ஆனாலும் பிள்ளையின் நிறம் அதனால் மாறாது. அந்த வருத்தத்தையாவது விடுங்கள்.

திருநகர் மாடித்தோட்டம்

நூல் மூன்றையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன், சின்ன டப்பாவில் இருக்கின்றன. அம்மா பாலில் போட விடவில்லை.

வாடிப்பட்டிக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தக் கிழங்கு போட்ட குட்டிகளைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று இருக்கின்றன. பெரியதே 5 கிராம்தான்.

இந்தத் தடவை அவள்தான் பறிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் நாற்காலியை இழுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறாள். எடை போட்டதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.